பெட்டி கேஸ்

என் மேல் ஒரு கேஸ் இருந்தது தோழர்களே. மறியல் கேஸ் இல்லை. சுவரொட்டி கேஸ் இல்லை. சுடுகாட்டுப் பாதை கேட்டுத் தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது போட்டார்களே, அதுவும் இல்லை. இது ஹெல்மெட் கேஸ். கோர்ட்டில் இந்த மாதிரி கேசுக்குப் பெட்டி கேஸ் என்று பெயர். சில்லறை வழக்கு என்று அர்த்தம். இதை எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. போராட்டத்தில் வாங்கிய கேஸை மட்டும்தான் நாம் வெளியே சொல்லிக்கொள்கிறோம். மற்றதெல்லாம் சொந்த விவகாரம், கட்டித் தொலைத்துவிட்டு மறந்துவிட வேண்டியது என்று நினைக்கிறோம். அப்படி நினைப்பது தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல். ராத்திரி எட்டு மணிக்கு எக்ஸெல் வண்டியில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஊசி போட்டு, வெளியே மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். எனக்கும் ஹெல்மெட் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. மெயின்ரோட்டு முக்கில் போலீஸ் நின்றது. எனக்கு முன்னால் புல்லட்டில் ஒருத்தர். அவர் தலையிலும் ஒன்றுமில்லை. ‘ஹெல்மெட் போட்டுட்டு வரக் கூடாதா சார்’ என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நான். ‘வண்டிய ஓரமா நிறுத்துங்க’ என்றுதான் அந்த ஏட்டு ஆரம்பித்தார். எந்த ஊர் என்றார். சொன்னேன். ‘ஊரா, காலனியா?’ என்றார். தலைக்கவசத்துக்கும் காலனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காலனி என்றேன். அதற்கப்புறம் அவர் பேச்சில் ‘ங்க’ போய்விட்டது. ‘ஆயிரம் ரூபா. கட்டிட்டுப் போறியா, கோர்ட்ல பாத்துக்கிறியா?’

மாத்திரை வாங்கியது போக என்னிடம் 240 ரூபாய் இருந்தது. கையில் பணமில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. ‘கோர்ட்ல பாத்துக்கிறேன்’ என்று வீறாப்பாகச் சொன்னேன். கையில் வைத்திருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டி ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இந்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன். நாலு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ‘சம்மன் வந்திருக்கு, வந்து வாங்கிக்க.’

தப்பு என் மேல்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஹெல்மெட் போடாத காரணத்தால் 2022இல் மட்டும் இந்தியாவில் 50,029 பேர் செத்தார்கள் என்று ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையே சொல்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். எங்கள் தெருவிலும் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருக்கிற பையன்கள் இருக்கிறார்கள். தலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே ஹெல்மெட் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே தப்புக்கு ஒருத்தருக்குச் சிரிப்பும் இன்னொருத்தருக்குச் சீட்டும் ஏன், அந்தச் சீட்டு கோர்ட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் பேச வருகிறேன்.

காலையில் பத்து மணிக்குப் போனேன். எந்த ஊர் கோர்ட் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இப்படித்தான். வராந்தாவில் நாற்பது அய்ம்பது பேர். ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்தனார், கரும்பு லோடு அடிக்கிறவர், காலேஜ் பையன்கள் ரெண்டு பேர். கார் வைத்திருக்கிற மாதிரி ஒருத்தர் முகமும் இல்லை. கார்க்காரர்கள் தப்பே செய்வதில்லையா? செய்கிறார்கள். செல்போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வராந்தாவில் நிற்பவர்கள் யார் என்றால் அன்றைக்குப் பணம் இல்லாதவர்கள், சீட்டில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள், போனில் கட்டத் தெரியாதவர்கள்.

உள்ளே நுழைவதற்குள் ஒருத்தர் வந்தார். ‘ஆயிரத்து முந்நூறு குடுத்துட்டுப் போ தம்பி, நீ நிக்கவே வேணாம், நான் பாத்துக்கிறேன்.’ அந்த முந்நூறு ரூபாயை யோசித்துப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 208ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சின்னக் குற்றங்களுக்குச் சம்மன் அனுப்பும்போதே, நேரில் வரலாம், வக்கீல் மூலம் வரலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொள்வதாக மணியார்டர் கூப்பனிலேயே எழுதி, சம்மனில் குறித்த தொகையை அனுப்பிவிடலாம் என்று அதில் குறிப்பிடச் சொல்கிறது. சட்டம் சும்மா கொடுக்கிற வழியைத்தான் அந்த ஆள் முந்நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். வாங்கவும் ஆள் இருந்தது. ஒருநாள் கூலி போவதைவிட முந்நூறு போனால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். ஊர் ஊராக வண்டியில் போய்க் கருவாடு விற்பவர். கருவாட்டுக் கூடையை வெளியே வண்டியிலேயே கட்டி வைத்திருந்தார். அந்த வாசனைக்குச் சில பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவருக்கு ரெண்டு சீட்டு. ரெண்டும் ஹெல்மெட்தான், ரெண்டாயிரம். அவரிடம் இருந்தது 1,400. ‘மீதிக்கு என்னா பண்றது தம்பி’ என்று என்னிடம்தான் கேட்டார். ‘உள்ள கேட்டுப் பாக்கலாம் பெரியவரே’ என்று சொல்லிவிட்டு நான் கையிலிருந்த பேப்பரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

டவாலி பேர் கூப்பிட்டார். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். யாரும் கட்டச் சொல்லவில்லை. அந்தக் கை அதுவாகவே செய்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம் அது! ‘குற்றத்தை...’ என்று நீதிபதி ஆரம்பித்ததுமே ‘ஆமாங்க சாமி’ என்றார் இவர். கேள்வி முடியவே இல்லை. ‘ரெண்டாயிரம், கட்டத் தவறினா ஏழு நாள்’ என்று தீர்ப்பு வந்தது. மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோர்ட் ஏட்டு கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டார். ‘கட்டிட்டுப் போ. இல்லன்னா உள்ள போவணும், சொல்லிட்டேன்.’

தோழர்களே, இந்த இடத்தில்தான் நான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அபராதத்தை உடனே கட்ட முடியாதவருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின ராத்திரிதான் வக்கீல் தோழர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருந்தேன். அபராதம் மட்டும் விதித்து, கட்டத் தவறினால் சிறை என்று தீர்ப்புச் சொன்னால், 30 நாளுக்குள் கட்டலாம் என்று நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம். அல்லது ரெண்டு மூன்று தவணையாகக் கட்டச் சொல்லலாம். பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 424ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற, நம் வாயில் நுழையாத பெயர் கொண்ட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 464ஆம் பிரிவு. கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கேட்டால் கொடுக்கலாம். ஆனால் கேட்க வேண்டும்.

‘அய்யா, தவணையில கட்றேன்னு கேளுங்க’ என்று அந்தப் பெரியவரிடம் சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? சொல்லவில்லை. கூட்டத்தில் மைக் பிடித்தால் ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான். கோர்ட்டில் அடுத்தவர் விவகாரத்தில் வாயைத் திறந்தால் நம் கேஸ் என்ன ஆகுமோ என்கிற பயம். சாயங்காலம் ராத்திரிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்கிற அவசரம். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது என் பேர். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆயிரம் ரூபாய், கட்டத் தவறினால் மூன்று நாள் என்றார். ‘அய்யா, இன்னைக்கு முழுசும் கட்ட வசதியில்ல, ரெண்டு தவணையில கட்ட அனுமதி குடுக்கணும்’ என்றேன். நீதிபதி அப்போதுதான் காகிதத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ‘என்ன படிச்சிருக்கீங்க?’ என்றார். எம்.ஏ. என்றேன். இன்றைக்கு 500, பதினைந்து நாளில் 500 என்று எழுதினார். பிணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். ரோட்டில் காலனி என்றதும் போன ‘ங்க’ இங்கே எம்.ஏ. என்றதும் திரும்பி வந்துவிட்டது. கருவாட்டுக்காரருக்கு எந்த எம்.ஏ.வும் இல்லை. ஆனால் சட்டம் எம்.ஏ. படித்தவருக்கு மட்டும் தவணை என்று சொல்லவில்லை.

வெளியே வந்தேன். பெரியவர் இல்லை. அவர் கூடை மட்டும் டீக்கடை ஓரத்தில் இருந்தது. கூடையை வைத்துக்கொண்டு அறுநூறு ரூபாய் கொடுத்தேன் என்றார் டீக்கடைக்காரர். மூட்டுக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எதை விற்று மூட்பார்? விற்க வேண்டிய சரக்கே அதற்குள்தானே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2024-25இல் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் கருவாட்டுக்காரரின் ரெண்டாயிரம் என்பது ஆறு நாள் உழைப்புக்கும் மேலே. புல்லட்டில் போனவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் செலவு. ஒருத்தரை வலிக்கச் செய்து இன்னொருத்தரைத் தொடக்கூட இல்லையென்றால் அதற்குப் பெயர் சம தண்டனையா? காசுள்ளவனுக்கு அபராதம் ஒரு கட்டணம். கட்டினால் கதவு திறக்கும். காசில்லாதவனுக்கு மட்டும்தான் அது தண்டனை.

இப்படித்தான் இருக்க முடியும், வேறு வழியில்லை என்று சொல்பவர்களுக்குப் பின்லாந்தைக் காட்டலாம். அங்கே 1921லிருந்து வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிற முறை இருக்கிறது. ஒருநாள் வருமானத்தில் இவ்வளவு, இத்தனை நாளுக்கு என்று கணக்கு. 2002இல் நோக்கியா நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ கட்டச் சொன்னார்கள். பிறகு மேல்முறையீட்டில் குறைத்தார்கள், அது வேறு. தண்டனை என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு வலிக்க வேண்டும் என்பதை ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபெர்குசன். மிசௌரி மாநிலத்தில் சுமார் 21,000 பேர் வாழ்கிற சின்ன ஊர். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்கிற கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அமெரிக்க நீதித் துறை அந்த ஊர்ப் போலீசையும் கோர்ட்டையும் விசாரித்து 2015 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அது பெரும்பாலும் பெட்டி கேஸ்களைப் பற்றித்தான் பேசுகிறது. மக்கள்தொகையில் கறுப்பர்கள் 67 சதவீதம். போலீஸ் நிறுத்திய வண்டிகளில் 85 சதவீதம் அவர்களுடையவை. கொடுத்த சீட்டுகளில் 90 சதவீதம் அவர்களுக்கு. ஒரு பெண் 2007இல் வண்டியைத் தப்பான இடத்தில் ஒருமுறை நிறுத்தினார். ரெண்டு சீட்டு, 151 டாலரும் கட்டணங்களும். கட்ட முடியாமல் வாய்தாவைத் தவறவிட்டார். ரெண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 2014 கடைசியில் பார்த்தால் 550 டாலர் கட்டியிருக்கிறார், இன்னும் 541 டாலர் பாக்கி! அந்தச் சின்ன ஊர்க் கோர்ட் பிறப்பித்த பிடிவாரண்ட் 2014 டிசம்பரில் 16,000க்கும் மேற்பட்டவர்கள் மேல் நிலுவையில் இருந்தது. நகராட்சியின் வருமானத்துக்காகச் சட்டத்தை ஓட்டினார்கள் என்று அந்த அறிக்கையே சொன்னது.

மைக்கேல் பிரவுனின் சாவுக்கு ஊரே தெருவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கோபம் ஒரே நாளில் சேர்ந்ததில்லை. வருஷக்கணக்காகச் சீட்டுச் சீட்டாகச் சேர்ந்தது. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் மக்கள் அரசைச் சந்திப்பது எப்போதாவது நடக்கிற பெரிய வழக்கில் இல்லை. ரேஷன் கடையில், தாசில்தார் ஆபீசில், மெயின்ரோட்டு முக்கில், பெட்டி கேஸ் வரிசையில். அங்கேதான் ‘ஆமாங்க சாமி’ என்று சொல்லப் பழகுகிறார்கள். அங்கே பழகிய வாய், வன்கொடுமை நடந்து சாட்சி சொல்லக் கூண்டில் ஏறும்போது மட்டும் திடீரென்று நிமிர்ந்து பேசிவிடுமா?

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் சிரித்தார். ‘ஹெல்மெட் கேசுக்கெல்லாமா இயக்கம் போகும்?’ என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆள் பலம் குறைவு, பெரிய வழக்குகளுக்கே அலைய முடியவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஐப் பிரிவு வாரியாகச் சொல்கிற மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அது பெருமைதான். ஆனால் சம்மனில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்குப் படித்துச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. அண்ணல் 1923இல் பம்பாயில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தவர். கூண்டில் நிற்பவன் பக்கத்தில் நின்று பேசியவர். அவர் சிலையின் கையில் இருக்கிற புத்தகத்தை நாம் ஏப்ரல் 14இல் மட்டும் பார்த்தால் போதுமா?

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாலே நாலு விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, ரோட்டிலேயே கட்டியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். கட்டினால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. ரெண்டு, ஹெல்மெட் போடவில்லை என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடுங்கி வைக்க 207ஆம் பிரிவில் இடமில்லை. லைசென்ஸ், பதிவு, பர்மிட் இல்லாமல் ஓட்டுவது போன்றவற்றுக்குத்தான் அந்தப் பிரிவு. மூன்று, கூண்டில் கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தப்புச் செய்யவில்லையென்றால் இல்லை என்று சொல்ல உரிமை இருக்கிறது. செய்திருந்தால் ஒப்புக்கொண்டு, கட்ட முடியாத நிலையைச் சொல்லி, அவகாசமோ தவணையோ கேட்க வேண்டும். நாலு, சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி கேட்கத் தகுதியுள்ளவர்கள். பெண்களும் அப்படியே. வட்ட சட்டப் பணிகள் குழு பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. கருவாட்டுக்காரர் நின்ற வராந்தாவிலிருந்து அந்த அறைக்கு இருபது அடிகூட இல்லை. போர்டு மாட்டியிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் காட்டவில்லை.

அந்த நாலையும் தெரிந்துகொண்டு சீட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. என்னைப் போல நாலு மாதம் புத்தகத்துக்குள் வைத்திருந்தால் ஆயிரம் ரூபாயோடு ஒரு நாள் கூலியும் சேர்ந்து போகும். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் சம்மன் வாரண்ட் ஆகும். அப்போது ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சின்ன கேஸ் பெரிய கேஸ் ஆவது இப்படித்தான்.

பதினைந்தாம் நாள் ரெண்டாவது தவணை கட்டப் போனேன். ராத்திரிப் பள்ளியிலிருந்து ப்ளஸ் டூ படிக்கிற பெண்கள் ரெண்டு பேரை அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுக் கூட்டிப்போயிருந்தேன். வராந்தாவில் நின்றவர்களின் சம்மனை வாங்கிப் படித்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ‘நீங்க யாரு, வக்கீலா?’ என்று கோர்ட் ஏட்டு அதட்டினார். ‘இல்ல சார், படிச்சுக் காட்டறோம்’ என்றாள் ஒருத்தி. அதற்கு அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு மூன்று பேர் தவணை கேட்டார்கள். ரெண்டு பேருக்குக் கிடைத்தது, ஒருத்தருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவரும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

டீக்கடையில் விசாரித்தேன். பெரியவர் மறுநாளே வந்து கூடையை மூட்டுக்கொண்டு போய்விட்டாராம். எப்படி மூட்டார் என்று தெரியவில்லை. அவர் எந்த ஊர் என்றும் நான் அன்றைக்குக் கேட்டு வைக்கவில்லை. உங்கள் ஊர்க் கோர்ட்டில் பெட்டி கேஸ் எந்தக் கிழமை என்று விசாரித்து வையுங்கள் தோழர்களே. அந்த வராந்தாவிலும் இப்படி ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார்.